கல்லுக்கும் ஞாபகம் உண்டு!

எனக்கு எட்டு வயசு இருக்கும். ஒரு நாள் விடியற்காலையில் எங்கள் வீட்டுக் கிணற்றில் 'தொப்'பென்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தேன். அத்தை கையில் துண்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு திகைத்துப் போய் நின்றாள். ராட்டினம் மட்டும் 'கிறீச், கிறீச்'சென்று வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. பித்தளைக் குடம் தண்ணீருக்கு அடியில் போய்ச் சேர்ந்துவிட்டது.

"அதே கிணறு, அதே குடம், அதே கயிறு! நேற்றுச் சாயங்காலம் கூட இருபது குடம் இழுத்தேனே! இன்றைக்கு முதல் குடத்துக்கே இந்தக் கயிற்றுக்கு என்ன வந்தது?" என்று அத்தை அங்கலாய்த்தாள்.

அடுத்த வீட்டில் பாதாளக் கரண்டி வாங்கி வரும்படி என்னை விரட்டிவிட்டு, பாட்டி நிதானமாகப் பதில் சொன்னாள்: "நேத்தி வரைக்கும் தாங்கித்தே, தாங்கித்தேங்கறியே! அப்படித் தாங்கினதாலேதாண்டி இன்னிக்கு அறுந்தது!"

அன்றைக்கு அதைப் பாட்டியின் வாய்க்குறும்பு என்றுதான் நினைத்தேன். வெகு காலம் கழித்துப் பூகம்பங்களைப் பற்றிப் படிக்கும்போதுதான் விஷயம் புரிந்தது. உலகத்துப் பெரிய விஞ்ஞானிகள் எல்லாம் இயந்திரங்களையும் கணக்குகளையும் வைத்துக்கொண்டு ஆராய்ந்த உண்மையைப் பாட்டி கிணற்றடியிலேயே சொல்லி முடித்துவிட்டாள்!

கயிறு அறுவது சரி. கருங்கல்லும் இப்படி நாள் பார்த்து உடையுமா என்று கேட்கிறீர்களா? உடையும். மலையே கூட உடையும். அதற்கு வெகு தூரம் போக வேண்டாம். மகாராஷ்டிரத்துக்குப் போனால் போதும்.

மலையடியில் ஓர் ஏரி

மேற்குத் தொடர்ச்சி மலையில், ஸதாரா ஜில்லாவில், கொய்னா என்று ஒரு நதி ஓடுகிறது. அதன் குறுக்கே 103 மீட்டர் உயரத்துக்கு ஓர் அணை கட்டினார்கள். அணைக்குப் பின்னால் ஐம்பது கிலோமீட்டர் நீளத்துக்கு மலைகளின் நடுவே வளைந்து கிடக்கும் ஏரிக்குச் சிவாஜி சாகரம் என்று பெயர். அந்தத் தண்ணீரை மலையைக் குடைந்து மேற்கே இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள்.

அணைக்கு அடியில் இருப்பது சாமானியப் பாறை அல்ல. ஆறரைக் கோடி வருஷங்களுக்கு முன் பூமியைப் பிளந்துகொண்டு வழிந்த நெருப்புக் குழம்பு, அடுக்கடுக்காக உறைந்து இறுகிய பாறை. அங்கே அதன் கனம் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். அதற்கும் கீழே, அதைவிடப் பல மடங்கு வயசான கருங்கல். 'தக்காணம் உறுதியான பூமி. பூகம்பம் எல்லாம் இமயமலைக்காரர்கள் கவலை' என்றுதான் அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

1962-இல் ஏரியில் நீர் நிரம்பத் தொடங்கியது. கொஞ்ச நாளில் அக்கம்பக்கத்து ஜனங்களுக்கு ஒரு புது அனுபவம் ஏற்பட்டது. பூமிக்குள்ளிருந்து அவ்வப்போது ஓர் உறுமல், லேசான நடுக்கம். அதிர்ச்சியைப் பதிவு செய்யும் கருவிகளை வைத்துப் பார்த்தார்கள். சின்னச் சின்ன அதிர்ச்சிகள் ஓயாமல் பதிவாயின. 1967 செப்டம்பர் 13-ஆம் தேதி, ரிக்டர் அளவில் ஐந்தைத் தாண்டிய ஓர் அதிர்ச்சி வந்தது. பிறகு அடங்கிற்று. 'இத்தோடு விட்டதே' என்று ஜனங்கள் பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

விடவில்லை. அதே வருஷம் டிசம்பர் 11-ஆம் தேதி, விடியற்காலை 4 மணி 21 நிமிஷம். ஊரே தூங்கிக்கொண்டிருந்த நேரம். 6.3 அளவுள்ள பூகம்பம் கொய்னாநகரை உலுக்கிற்று. கல்லை அடுக்கிக் கட்டிய வீடுகள், தூங்குகிறவர்களின் மேலேயே சரிந்தன. ஏறக்குறைய 200 பேர் மாண்டார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் காயம் அடைந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்கு வீடு இல்லாமல் போயிற்று. அணையின் மேல்பகுதியில் கிடைமட்டமாக விரிசல்கள் கண்டன. ஆனால் அணை நின்றது! அது மட்டும் உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே நெஞ்சு நடுங்குகிறது. பிறகு விரிசல்களை அடைத்து, பின்புறம் முட்டுக் கொடுத்து, அணையைப் பலப்படுத்தினார்கள்.

ஏரியின் பாரமா காரணம்?

"இவ்வளவு தண்ணீரைத் தேக்கி வைத்தால் பாறை உடையாமல் என்ன செய்யும்?" என்று தோன்றுகிறதல்லவா? கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

நூறு மீட்டர் ஆழமுள்ள தண்ணீர், அடித்தரையில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 10 கிலோ பாரத்தை வைக்கிறது. நல்ல கருங்கல்லோ, சதுர சென்டிமீட்டருக்கு 1,000 கிலோவுக்கு மேல் வைத்தால்தான் நொறுங்கும். ஆகவே ஏரி தன் பாரத்தினால் மட்டும் பாறையை உடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. அப்படியானால் அந்தப் பாவத்தில் யாருக்குப் பங்கு?

முதல் பங்கு பூமிக்குத்தான். நம் பாரத பூமி முழுவதும் ஒரு பெரும் பாளமாக வடக்கே நகர்ந்து, ஆசியாவை முட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நெருக்கலின் விளைவுதான் இமயமலை. முட்டுகிற இடம் அங்கே இருந்தாலும், அதன் இறுக்கம் தக்காணத்துப் பாறைகள் வரைக்கும் பாய்கிறது. கொய்னாவின் அடியில் பழைய முறிவுகள் சில, ஏற்கெனவே முக்கால் பங்குக்கு மேல் பாரத்தைச் சுமந்துகொண்டு, 'இப்பவோ, அப்பவோ' என்று காத்திருந்தன.

இரண்டாவது பங்கு நீருக்கு. ஏரித் தண்ணீர் நுண்ணிய வெடிப்புகள் வழியே பல கிலோமீட்டர் ஆழத்துக்குத் தன் அழுத்தத்தை அனுப்புகிறது. ஒன்றை ஒன்று கெட்டியாகக் கவ்விக்கொண்டிருக்கும் இரண்டு பாறை முகங்களை அந்த நீர் உள்ளேயிருந்து நெம்பிக் கொடுக்கிறது. ஈரமான அம்மியில் குழவி எப்படி வழுக்குகிறது, பார்த்திருக்கிறீர்களல்லவா? அது போதாதென்று, வெடிப்பின் கூர்முனையில் கல்லின் அணுப் பிணைப்பைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தவும் செய்கிறது.

மூன்றாவது பங்கு, நம் பாட்டி சொன்னது. அது ஒரு தடவை வைத்த பாரம் அல்ல. திரும்பத் திரும்ப வைத்த பாரம்! ஜூன் மாதம் மழை தொடங்கினால் ஏரி கிடுகிடுவென்று ஏறுகிறது. புரட்டாசி வாக்கில் நிரம்பி நிற்கிறது. பிறகு மின்சாரத்துக்காகத் தண்ணீரை எடுக்க எடுக்க, கோடைக்குள் முப்பது மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறது. மறுபடியும் ஆடி மழை. கிணற்றில் குடம் இறங்கி ஏறுவதைப் போல, வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பாறை பாரத்தை ஏற்று, இறக்கி, மறுபடியும் ஏற்கிறது. கொய்னாவின் அதிர்ச்சிகள் நீர் ஏறி நிற்கும் செப்டம்பர் வாக்கிலும், நீர் இறங்கும் டிசம்பருக்குப் பிறகும் அதிகமாவதை விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள்.

கூட்டுக் குடும்பத்தின் கதை

திரும்பத் திரும்ப ஏற்றுவதில் அப்படி என்ன விசேஷம்? கயிற்றைப் பிரித்துப் பாருங்கள், தெரியும்.

ஒரு கயிற்றில் நூற்றுக்கணக்கான நார்கள். எல்லா நாரும் ஒரே பலம் இல்லை. குடத்தை இழுக்கும்போது எல்லாவற்றிலும் சோனியான ஒரு நார் அறுகிறது. அதனால் கயிறு அறுந்துவிடுமா? இல்லை. அந்த நார் சுமந்த பங்கை மற்றவை பகிர்ந்துகொள்கின்றன. கூட்டுக் குடும்பத்தில் ஒரு மருமகள் காய்ச்சலாகப் படுத்துவிட்டால், அவள் வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொள்வதில்லையா? அப்படித்தான். வெளியே பார்க்கிறவர்களுக்கு வீடு எப்போதும் போலவே நடக்கும். ஆனால் உள்ளே ஒவ்வொருத்தருக்கும் பாரம் ஒரு பிடி கூடியிருக்கிறது. இன்னொருத்தி படுக்கிறாள். பாரம் இன்னும் ஒரு பிடி கூடுகிறது. ஒரு நாள், வழக்கமான வேலையிலேயே, ஒருத்தி மாற்றி ஒருத்தி என்று எல்லோரும் படுத்துவிடுகிறார்கள்! அன்றைக்குப் புதிதாக எந்த விருந்தாளியும் வரவில்லை. ஆனாலும் அன்றைக்குத்தான் குடித்தனம் குலைகிறது.

இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. 1926-இல் இங்கிலாந்தில் பருத்தி நூலின் பலத்தை ஆராய்ந்த பியர்ஸ் என்பவர் இந்த விதமாகத்தான் நூற்கற்றையைப் பற்றிக் கணக்குப் போட்டார். பருத்தி நூலுக்காகப் பிறந்த கணக்கு இன்றைக்குப் பாறைகளுக்கும் பூகம்பங்களுக்கும் உதவுகிறது. 'புள்ளியியல் பௌதிகம்' என்று இந்தச் சாஸ்திரத்துக்குப் பெயர். ஒவ்வொரு நாரின் ஜாதகத்தையும் பார்க்காமல், கோடிக்கணக்கான நார்கள் சேர்ந்தால் கூட்டம் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்கிற சாஸ்திரம் அது. கல்கத்தாவில் ஸாஹா அணு பௌதிக நிலையத்தைச் சேர்ந்த விகாஸ் சக்ரவர்த்தியும் அவருடைய சகாக்களும் இந்தத் துறையில் பேர் வாங்கியவர்கள்.

கல்லிலும் நார் உண்டா? நாருக்குப் பதிலாகப் பொடி மணிகள் இருக்கின்றன. ஆட்டுக்கல்லைக் கூர்ந்து பாருங்கள். வெள்ளையும் கறுப்பும் சாம்பலுமாக மணிகள் கலந்து கிடக்கும். மணிக்கு மணி பலம் வேறு. இடையிடையே கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் வேறு. ஒரே தடவையில் நசுக்க நூறு பங்கு பாரம் வேண்டியிருக்கும் கல், எழுபது பங்கு பாரத்தையே ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கினால் ஒரு நாள் உடைந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் வெடிப்புகளின் நுனி ஒரு மயிரிழை நீளுகிறது. பாரத்தை எடுத்துவிட்டாலும், நீண்டது நீண்டதுதான். கல்லின் காயம் சுலபத்தில் ஆறுவதில்லை.

கடுகு வெடிக்கும் சத்தம்

இந்த மயிரிழை வெடிப்புகளைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் காதால் கேட்கலாம்!

வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போடுகிறீர்கள். முதலில் அங்கொன்று, இங்கொன்று. பிறகு சடசடவென்று எல்லாமாக. பிறகு ஒன்றிரண்டாக அடங்குகிறது. பாறைத் துண்டை இயந்திரத்தில் வைத்து நெருக்கிக் காதொத்த கருவிகளைப் பொருத்தினால் ஏறக்குறைய இப்படித்தான் கேட்கிறது. ஒவ்வொரு 'டிக்'கும் உள்ளே ஒரு சிறு வெடிப்பு. முதலில் கல் முழுவதும் சிதறலாக, முடிவு நெருங்க நெருங்க ஒரே இடத்தில் கூட்டமாக, கடைசியில் 'படீர்!'

ஜப்பானில் தோக்கியோ சர்வகலாசாலையின் பூகம்ப ஆராய்ச்சி நிலையத்தில் கியூ மோகி என்பவர் 1960-களின் தொடக்கத்தில் இந்தச் சத்தங்களை எண்ணினார். சின்னச் சத்தங்கள் ஏராளம், நடுத்தரம் குறைவு, பெரியவை அபூர்வம். அந்த ஏராளத்துக்கும் அபூர்வத்துக்கும் நடுவே ஓர் ஒழுங்கு இருந்தது. அது என்ன ஒழுங்கு தெரியுமா? 1944-இல் கூடன்பர்க், ரிக்டர் என்ற இருவர் கலிபோர்னியாவின் பூகம்பங்களை எண்ணிக் கண்ட அதே ஒழுங்கு! அளவில் ஒரு படி இறங்கினால் எண்ணிக்கை சுமார் பத்து மடங்கு ஏறும். உள்ளங்கை அகலக் கல்லுக்கும் ஒரு நாட்டின் மலைகளுக்கும் ஒரே கணக்கு!

கொய்னாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1962-க்குப் பிறகு அங்கே ஐந்துக்கு மேற்பட்ட அதிர்ச்சிகள் இருபதுக்குச் சற்று மேல். நான்குக்கு மேற்பட்டவை சுமார் இருநூறு. அதற்கும் சிறியவை பல ஆயிரம். பத்து மடங்குக் கணக்கு சரியாகத்தானே வருகிறது?

கைஸர் கண்ட விந்தை

இனித்தான் விந்தை. 1950-இல் ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் ஜோஸப் கைஸர் என்ற ஆராய்ச்சியாளர், உலோகத் துண்டுகளை இழுத்து அவற்றின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பாரம் வரைக்கும் ஏற்றினார். 'டிக், டிக்' என்று சத்தம் வந்தது. பாரத்தை இறக்கி, மறுபடி ஏற்றினார். சத்தமே இல்லை! முன்பு ஏற்றிய உச்சத்தைத் தாண்டியதும்தான் பழையபடி சத்தம் ஆரம்பித்தது. 'இவ்வளவு வரைக்கும் முன்பே பட்டிருக்கிறேன். அதற்கு மேல் போனால்தான் வாயைத் திறப்பேன்' என்று அந்தத் துண்டு சொல்வது போல இருந்தது. பாறைகளுக்கும் இந்தக் குணம் உண்டு என்று பிற்பாடு தெரிந்தது. கல்லின் ஞாபகம் என்பது இதுதான்.

ஹைதராபாத்திலுள்ள தேசிய பூபௌதிக ஆராய்ச்சி நிலையத்தின் ஹர்ஷ் குப்தா, கொய்னா ஏரியின் நீர்மட்டக் கணக்குகளையும் அதிர்ச்சிக் கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். நீர் எவ்வளவு வேகமாக ஏறுகிறது, எவ்வளவு நாள் உச்சத்தில் நிற்கிறது, முந்தைய உச்சத்தை அது தாண்டுகிறதா என்பவை எல்லாம் பெரிய அதிர்ச்சிகளுக்குத் தூண்டுகோல் ஆகின்றன என்று அவர் கண்டார். வாரத்துக்கு 12 மீட்டருக்கு மேல் நீர் ஏற விடாமல் பார்த்துக்கொண்டால் ஆபத்தைக் குறைக்கலாம் என்று 1983-இல் ஒரு யோசனையும் சொன்னார். ஏரியை வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் குடத்தை வெடுக்கென்று இழுக்காமல் நிதானமாக இழுக்கலாம் அல்லவா?

இந்த ஞாபகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. திரும்பத் திரும்ப அடிபட்டு உடையும் தறுவாய்க்கு வந்த பாறை, பழைய உச்சத்தைத் தொடுவதற்கு முன்னாலேயே சத்தம் போட ஆரம்பித்துவிடுகிறது. நேற்று மௌனமாகத் தாங்கிய பாரத்துக்கு இன்று முனகுகிறது. ஆராய்ச்சிசாலையில் அந்த முனகலைக் கேட்டால், 'இதற்கு மேல் ஏற்றாதே' என்று அர்த்தம். மனிதர்களும் அப்படித்தானோ, என்னவோ!

சொல்ல முடிந்ததும், முடியாததும்

"இவ்வளவு தெரிந்துகொண்ட விஞ்ஞானிகள், அந்த டிசம்பர் விடியற்காலையை முன்கூட்டிச் சொல்லியிருக்கக் கூடாதா? செப்டம்பரிலேதான் ஓர் எச்சரிக்கை வந்ததே!" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

ஆயுள் இன்ஷ்யூரன்ஸ்காரரை நினைத்துப் பாருங்கள். லட்சம் பேரில் இந்த வருஷம் எத்தனை பேர் போவார்கள் என்று அவர் கிட்டத்தட்டச் சொல்லிவிடுவார். ஆனால் 'நான் இருப்பேனா?' என்று ஒருவர் கேட்டால், அவருக்குப் பதில் தெரியாது. பூகம்பக் கணக்கும் அப்படித்தான். எத்தனை வரும் என்று சொல்லும். எது, என்றைக்கு என்று சொல்லாது. செப்டம்பரில் வந்த அதிர்ச்சிக்கு நெற்றியில் 'நான் முன்னோடி' என்று எழுதி ஒட்டியிருக்கவில்லை. அதைப் போன்ற அதிர்ச்சிகள் வேறு பல வருஷங்களிலும் வந்தன. பின்னால் பெரியது எதுவும் வரவில்லை.

மோகி இன்னொன்றும் கண்டுபிடித்தார். குறையே இல்லாத, ஒரே சீரான பொருள் முன்னறிவிப்பு இல்லாமல் உடைகிறது. கண்ணாடி டம்ளர் அப்படித்தானே 'சில்'லென்று போகிறது? பல மணிகளும் பல வெடிப்புகளும் கலந்த கல்தான் முதலில் சிறுசிறு சத்தங்களாகச் சொல்லிவிட்டுப் பிறகு உடைகிறது. குறையுள்ளதுதான் குரல் கொடுக்கிறது! கொய்னாவின் பாறை அந்த ரகத்தைச் சேர்ந்தது என்பதால், அங்கே கருவிகளை நெருக்கமாக வைத்துக் கேட்கிறார்கள். 2005 முதல், சிறு அதிர்ச்சிகள் கூட்டம் கூடுவதைக் கவனித்து, நான்கு அளவை ஒட்டிய அதிர்ச்சிகள் சிலவற்றை முன்னாலேயே கணித்துச் சொல்லியும் இருக்கிறார்கள். 2017-இல் 3 கிலோமீட்டர் ஆழத்துக்குப் பாறையைத் துளைத்து முடித்தார்கள். வைத்தியர் மார்பில் குழலை வைத்துக் கேட்பது போல, பூகம்பம் பிறக்கிற இடத்துக்கு அருகிலேயே காதை வைத்துக் கேட்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

ஆனால் காது கொடுப்பதோடு காரியம் முடியவில்லை. கொய்னாநகரில் பெரும்பாலோரைக் கொன்றது பூமி அல்ல. மேலே விழுந்த சுவர். கல்லின் மேல் கல்லை வைத்து மண்ணால் பூசிய சுவருக்கு ஒரு பட்டை இறுக்கம் இல்லை. கூரையும் சுவரும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளவில்லை. நாள் தெரியாத ஆபத்துக்கு நாள் பார்க்காத பரிகாரம் ஒன்றுதான்: வீட்டை ஒழுங்காகக் கட்டுவது. தக்காணத்துக்குப் பூகம்ப பயம் இல்லை என்று போட்டிருந்த வரைபடத்தையும் கொய்னாவுக்குப் பிறகு மாற்றி எழுதினார்கள்.

பாட்டியின் விதி

கிணற்றுக் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேனே! பாதாளக் கரண்டியைப் போட்டுத் துழாவியதில் எங்கள் குடம் ஒரு பக்கம் நசுங்கிக் கரையேறிற்று. புதுத் தாம்புக்கயிறு வந்தது. அன்று முதல் பாட்டி வீட்டில் ஒரு விதி ஏற்படுத்தினாள். அமாவாசைக்கு அமாவாசை கயிறு முழுவதையும் கொல்லையில் நீட்டிப் போட்டு, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் உள்ளங்கைக்குள் விட்டு உருவிப் பார்ப்பாள். அறுந்த நார்கள் பிசிறு பிசிறாகக் கையில் குத்தும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குத்தினால், "இன்னும் கொஞ்ச நாள் வரும்" என்பாள். ஒரே இடத்தில் கூட்டமாகக் குத்தினால், "மாத்து" என்பாள்.

"நன்றாக இருக்கிற கயிற்றை மாற்றச் சொல்கிறாளே!" என்று அத்தை ஒவ்வொரு தடவையும் முணுமுணுப்பாள்.

என்றைக்கு அறும் என்று பாட்டிக்கும் தெரியாது. ஆனால் அந்த விதி வந்த பிறகு, எங்கள் கிணற்றில் மறுபடி ஒரு குடம் கூட விழவில்லை.